மாமியார் உடைத்தால் மண்குடம்: நம் பக்கத்துப் பொய்யைப் பிடிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

2023 ஜனவரி கடைசி. திருப்பூரில் எடுத்த ஒரு வீடியோ வாட்ஸாப் குழுக்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கையில் பெல்ட்டோடு உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிறார்கள். தமிழ்நாட்டில் தமிழனுக்கே பாதுகாப்பில்லை என்று கீழே ஒரு வரி. நானும் அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். முழுவதும் பார்த்துவிட்டுக்கூடப் போடவில்லை, பாதி ஓடும்போதே அனுப்பிவிட்டேன்.

பிறகு போலீஸ் விளக்கம் வந்தது. சம்பவம் ஏறக்குறைய இரண்டு வாரம் பழையது. டீக்கடைப் பக்கம் தொடங்கிய தகராறு அது. துரத்தியது நிஜம், இரண்டு பேர் கைதும் ஆனார்கள். ஆனால் வீடியோவின் கீழே இருந்த அந்த ஒரு வரிக்கு வீடியோவில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த வரியை நம்பத்தான் நான் ஏற்கெனவே தயாராக இருந்தேன்.

அடுத்து மார்ச் முதல் வாரம். இப்போது காட்சி தலைகீழ். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பிகாரில் வீடியோக்கள் பரவின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு தானே ஒரு வீடியோவில் தோன்றி, பரவுகிறவற்றில் ஒன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்தது, இரண்டுமே பழையவை என்றார். அப்போது நான் எப்படி இருந்தேன் தெரியுமா? முதல் நிமிடத்திலிருந்தே சந்தேகம். எந்த ஊர், எப்போது எடுத்தது, யார் சொன்னது என்று வரிசையாகக் கேள்வி. ஜனவரியில் இந்தக் கேள்விகளெல்லாம் எங்கே போயிருந்தன?

இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. குடும்பக் குழுவிலோ நண்பர்களிடமோ வருகிற ஃபார்வர்டுகளைச் சரிபார்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். படத்தைத் தேடுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு, நானும் கொஞ்சம் சொல்கிறேன். எதைத் தேடப் போகிறோம், எதைத் தேடாமலே நம்பப் போகிறோம் என்பதை நம் கட்சியும் மொழியும் சாதியும் ஊரும் நமக்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன. பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: உங்கள் பக்கம் எது என்று எழுதி வையுங்கள்

நிஜமாகவே எழுதுங்கள், ஒரு துண்டுச்சீட்டு போதும். நான் நடுநிலை என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, யாரைக் கண்டால் உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்று எழுதுங்கள். எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இல்லாத பலருக்கு ‘எது வந்தாலும் அவன் மட்டும் வரக்கூடாது’ என்ற ஒரு நிலைப்பாடு உண்டு. அதுவும் அரசியல் அடையாளம்தான். பிடித்த கட்சியை விடப் பிடிக்காத கட்சிதான் நம்மை அதிகம் ஆட்டிவைக்கிறது என்பது என் அனுபவம்.

இதை ஏன் எழுதவேண்டும் என்றால், நம் மேல் கட்சி ஏறியிருப்பது நமக்கே தெரியாது. ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்க மாணவர்களிடம் ஒரு நலத்திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். திட்டம் தாராளமானதா கறாரானதா என்பது பெரிதாக எடுபடவே இல்லை. உன் கட்சி இதை ஆதரிக்கிறது என்று சொன்னால் ஆதரித்தார்கள், எதிர்க்கிறது என்றால் எதிர்த்தார்கள். இதில் கட்சிக்குப் பங்குண்டா என்று கேட்டபோது, இல்லை, திட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள்.

படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது என்ற ஆறுதலும் வேண்டாம். டான் கஹனும் அவருடைய குழுவும் ஒரே மாதிரியான எண் அட்டவணையைச் சிலருக்குத் தோல் களிம்பு பற்றியது என்றும் சிலருக்குத் துப்பாக்கித் தடை பற்றியது என்றும் கொடுத்தார்கள். களிம்பு என்றபோது கணக்கு நன்றாக வருகிறவர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும் அதே கணக்குப் புலிகள்தான் கட்சிவாரியாக மற்றவர்களைவிட அதிகமாகப் பிளந்து நின்றார்கள். கெட்டிக்காரனுக்குச் சாக்கும் கெட்டிக்காரத்தனமாகவே கிடைக்கும் போலிருக்கிறது.

இரண்டாம் படி: கட்டைவிரலைக் கவனியுங்கள்

இது சின்னப் படி. ஒரு செய்தியைப் பார்த்ததும் ‘நான் அன்னிக்கே சொன்னேன் பார்த்தியா’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டால், அங்கே நிறுத்துங்கள். கோபம் வருகிற செய்தியை விட, கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வருகிற செய்திதான் ஆபத்து. அப்படிப்பட்டதை ஒரு மணி நேரம் அனுப்பாமல் வைத்துப் பாருங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மூன்றாம் படி: குடச் சோதனை

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தப் பழமொழியை அப்படியே ஒரு சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். உடைத்த ஆளை மாற்றிப் பாருங்கள், குடத்தின் விலை மாறுகிறதா என்று கவனியுங்கள்.

இது எனக்குத் தோன்றிய யோசனை இல்லை. 1979இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும், மரண தண்டனையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனையால் குற்றம் குறைகிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரு தரப்பும் தமக்குப் பிடித்த ஆய்வை நல்ல ஆய்வு என்றும் மற்றதை ஓட்டை என்றும் சொல்லி, வந்தபோது இருந்ததைவிடப் பிடிவாதமாகத் திரும்பிப் போனார்கள். 1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரஸ்டனும் சேர்ந்து அதையே திரும்பச் செய்தபோது ஒரு மாற்றம் வைத்தார்கள். ஒரு குழுவிடம், நீதிபதியைப் போல நடுநிலையாகப் படியுங்கள் என்றார்கள். பலனில்லை. இன்னொரு குழுவிடம், இதே ஆய்வு இதே முறையில் நடந்து முடிவு மட்டும் எதிராக வந்திருந்தால் அப்போதும் இதை இப்படித்தான் மதிப்பிடுவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது வேலை செய்தது.

நடுநிலையாக இரு என்று அறிவுரை சொல்வதால் ஒன்றும் நடக்காது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். நம் ஆட்கள் மேடை தோறும் செய்வது அதைத்தான். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால்தான் மனசு நகர்கிறது.

என் ஜனவரித் தவறில் இதை வைத்துப் பார்ப்போம். அதே வீடியோ, ஆட்களை மட்டும் மாற்றுங்கள். பெங்களூரில் ஒரு டீக்கடைப் பக்கம் தமிழ்த் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிறார்கள். கீழே, கன்னடனுக்குக் கர்நாடகத்தில் பாதுகாப்பில்லை என்று ஒரு வரி. இதைப் பார்த்ததும் நான் என்ன கேட்டிருப்பேன்? முன்னாடி என்ன நடந்தது, அவன் முதலில் என்ன செய்தான், நாலு பேர் செய்ததற்கு எல்லாத் தமிழர்களையும் சொல்வதா, எப்போது எடுத்தது. நாலு கேள்வியும் நியாயமானவை. நாலையும் ஜனவரி வீடியோவிடம் நான் கேட்கவே இல்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. பிடித்த செய்தியாக இருந்தால் ‘இதை நம்பலாமா’ என்று பார்க்கிறோம். பிடிக்காததாக இருந்தால் ‘இதை நம்பியே ஆகவேண்டுமா’ என்று பார்க்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு சின்னச் சாக்கு கிடைத்தால் போதும், இரண்டாவதற்கு மலையளவு ஆதாரம் தேவைப்படும். நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான்காம் படி: செய்தியைப் பிரித்துப் போடுங்கள்

பொய்ச்செய்தி பெரும்பாலும் முழுப்பொய்யாக வருவதில்லை. மூட்டையாக வரும். மூட்டைக்குள் ஒன்றிரண்டு நிஜமும் இருக்கும், அவைதான் மற்றதைச் சுமக்கும்.

மார்ச் 2023 மூட்டையைப் பிரித்தால்: காட்சிகளில் சில நிஜமான வன்முறை, ஆனால் வேறு காரணத்துக்கு, வேறு ஆட்களுக்கிடையே, சில வேறு மாநிலத்திலேயே நடந்தவை. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரயில் நிலையத்தில் நிற்பது நிஜம், ஆனால் அந்த வாரம் ஹோலி. மார்ச் 8இல் பண்டிகை என்றால் அதற்கு முந்தைய நாட்களில் கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வடக்கே போகிற வண்டிகளுக்கு வருஷா வருஷம் கூட்டம் இருக்கத்தான் செய்யும். வதந்தி நம்பியவனுக்கு அது உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டம். ஒரே படம்தான். பயந்து கிளம்பியவர்களும் அதில் சிலர் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும், வதந்தி நிஜமான பயத்தை உண்டாக்கியது. காயம்பட்ட தொழிலாளர்கள் என்று பரவிய ஒரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பிகார் போலீஸே பிறகு சொன்னது.

ஆகவே ஒரு ஃபார்வர்டு வந்ததும் அதை ஐந்து கேள்வியாக உடையுங்கள். என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் செய்தார், ஏன் செய்தார். முதல் மூன்றையும் போனை வைத்தே பார்த்துவிடலாம். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டியின் நம்பர் எந்த மாநிலத்தில் தொடங்குகிறது, போலீஸ்காரர் என்ன தொப்பி போட்டிருக்கிறார், பேருந்து என்ன நிறம், பின்னால் என்ன பேச்சு கேட்கிறது என்று பாருங்கள். பழைய வீடியோவாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிவிடும். வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு வந்தால் அது கைமாறிக் கைமாறி வந்தது, அனுப்பியவருக்கே மூலம் தெரியாது.

‘ஏன் செய்தார்’ என்பதைத்தான் போனால் கண்டுபிடிக்க முடியாது. அந்த வாக்கியத்தில்தான் கட்சி உட்கார்ந்திருக்கும். அதற்குத் தனியாக ஆதாரம் கிடைக்கும்வரை அதைச் செய்தியில் சேர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: தனக்கு நஷ்டம் வரும்படி பேசுகிற சாட்சியைத் தேடுங்கள்

தமிழ்நாடு போலீஸ் எல்லாம் அமைதி என்று சொன்னதை ஒரு பிகாரி ஏன் நம்பவேண்டும்? நம் மாநில மானம் சம்பந்தப்பட்டது, அப்படித்தானே சொல்வார்கள் என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். ஆகவே யார் வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும் என்று யோசியுங்கள்.

அன்றைய அரசியலைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2022 ஆகஸ்டில் பிகார் முதல்வர் நிதிஷ் குமார் பாஜகவை விட்டு லாலு கட்சியோடு சேர்ந்திருந்தார். 2023 மார்ச் 1ஆம் தேதி துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் சென்னையில் ஸ்டாலின் பிறந்தநாள் மேடையில் இருந்தார். நம் ஆட்களை அங்கே அடிக்கிறார்கள், இவர் கேக் சாப்பிடப் போனார் என்ற தொனியில் பாட்னா சட்டமன்றத்தில் பாஜக பிரச்சினை கிளப்பியது. அந்த நேரத்தில் பிகாரில் வீடியோவை நம்புவதும் நம்பாததும் பாதி கட்சி விவகாரம் ஆகிவிட்டது. ஆனால் அதே பாஜகவின் தமிழ்நாட்டுத் தலைவராக இருந்த அண்ணாமலை, தாக்குதல் நடப்பதாகப் பரவுவது பொய்ச்செய்தி என்று சொன்னார். கூடவே, வடமாநிலத்தவர் மேல் வெறுப்பை வளர்த்தது திமுகவினர் பேச்சுதான் என்றும் சாடினார், அதற்காக அவர் மேல் வழக்கும் பதிவானது. அந்த இரண்டாவது பகுதியை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு முக்கியம் முதல் பகுதி. திமுக அரசுக்குச் சாதகமான ஒரு உண்மையை, அதைச் சொல்லி எந்த லாபமும் இல்லாத ஒருவர் சொல்கிறார். அதே போலத்தான் பிகார் அரசு தன் அதிகாரிகளை அனுப்பிப் பார்த்ததும். தமிழக டிஜிபி நூறு முறை சொல்வதைவிடப் பாட்னாவிலிருந்து வந்த குழு ஒருமுறை சொல்வது பிகார் வாசகனுக்குப் பெரிது.

உண்மை சரிபார்க்கும் தளங்களுக்கும் இதே அளவுகோல்தான். நான் அவற்றைத் தினமும் பார்க்கிறேன், ஆனால் தீர்ப்பை மட்டும் படிப்பதில்லை, மூல வீடியோ எங்கே என்று காட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். அரசே சரிபார்க்க உட்காரும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஒன்றிய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு வழி செய்த விதியை 2024இல் மும்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கென ஒன்று அமைத்தது. எந்த அரசாக இருந்தாலும் தன் மேல் வருகிற புகாரைத் தானே பொய் என்று முத்திரை குத்தும்போது, குடச் சோதனையை எடுங்கள்: நமக்குப் பிடிக்காத கட்சி ஆட்சியில் இருந்து இதையே செய்தால் ஒப்புக்கொள்வோமா?

ஆறாம் படி: மாமாவிடம் பேசுவது

இதுவரை சொன்னது உங்களோடு நீங்கள் செய்துகொள்வது. அடுத்தவரிடம் போவதற்கு முன் ஒரு விஷயம். எல்லாரும் நம்பித்தான் அனுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் மாமா ஒரு கட்சிக்காரர், முப்பது வருஷமாக. எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாக் கட்சியிலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார். எங்கள் மாவட்ட மாநாட்டுக் கூட்டம் என்று மேலிருந்து எடுத்த ஒரு படம் அனுப்பினார். கண்ணுக்கெட்டிய தூரம் தலை. நடுவில் ஒரு பெரிய ஆறு, ஆற்றின் குறுக்கே வரிசையாக மிதவைப் பாலங்கள். எங்கள் ஊர் ஆற்றில் மணல் லாரி போகும், மிதவை போடுமளவுக்குத் தண்ணீர் நான் பார்த்ததில்லை. கும்பமேளாப் படம். போன் செய்தேன்.

“மாமா, அந்தப் படம் நம்ம ஊர் மாநாடுதானா?”

“பின்னே? எவ்ளோ கூட்டம் பார்த்தியா மாப்ளே!”

“சரி, ஐந்நூறு ரூபாய் பந்தயம். நம்ம ஊர்தான்னா நான் தர்றேன். இல்லேன்னா நீங்க தரணும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “ஐந்நூறெல்லாம் எதுக்குடா? கூட்டம் வந்தது நிஜம்தானே. படம் எதுவா இருந்தா என்ன?”

அவர் ஏமாறவில்லை. விசில் அடித்திருக்கிறார், அவ்வளவுதான். 2017இல் ட்ரம்ப் பதவியேற்ற அடுத்த நாட்களில், பிரையன் ஷாஃப்னரும் சமந்தா லக்ஸும் அமெரிக்கர்களிடம் இரண்டு படங்களைக் காட்டி எதில் கூட்டம் அதிகம் என்று மட்டும் கேட்டார்கள். ஒன்று ஒபாமா பதவியேற்பு, மற்றது ட்ரம்ப் பதவியேற்பு. வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். ட்ரம்ப்புக்கு வாக்களித்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் காலியாக இருந்த படத்தில்தான் அதிகம் என்றார்கள். கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம். கண் தெரியாமலா சொன்னார்கள்? கொடி பிடித்தார்கள். சரியான விடைக்குப் பணம் என்று சொன்னால் இரு கட்சிக்காரர்களின் விடைகளும் நெருங்கி வருகின்றன என்றும் வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் ஐந்நூறு ரூபாய் செய்ததும் அதைத்தான்.

ஆகவே முதலில் எதிரில் இருப்பவர் நம்புகிறாரா, விசில் அடிக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். விசில் அடிப்பவரிடம் ஆதாரத்தை நீட்டிப் பயனில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். நம்புகிறவரிடம்தான் பேச்சு. அதற்குச் சில வழக்கங்கள் வைத்திருக்கிறேன்.

குழுவில் மறுக்காதீர்கள், தனியாகப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் மாமாவைப் பொய்யராக்கினால் அவர் படத்தைக் காக்கமாட்டார், மீசையைக் காப்பார். ஆளை வைத்துப் பேசாதீர்கள். சங்கி, இருநூறு ரூபாய் உ.பி., டம்ளர் என்று கட்சிக்காரரைக் கேலி செய்யும் ஒரு சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் அதோடு ஆதாரத்தின் வேலை முடிந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள்: இந்தப் படம் இந்த ஊர் இல்லை. உங்க கட்சியே இப்படித்தான் என்று அடுத்த வாக்கியத்துக்குப் போகாதீர்கள். முடிந்தால் அவர் பக்கத்து ஆள் சொன்ன மறுப்பையே கொண்டுபோங்கள்.

மறுத்தால் இன்னும் பிடிவாதமாக நம்புவார்கள் என்று முன்பு பரவலாகச் சொன்னார்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பேச்சைக் கிளப்பியது. பிறகு தாமஸ் வுட்டும் ஈத்தன் போர்ட்டரும் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படிப் பொதுவாக நடப்பதாகத் தெரியவில்லை. தகவலைப் பலரும் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் தகவல் திருந்தினால் ஓட்டு மாறும் என்று கனவு காணாதீர்கள், அது வேறு கணக்கு. மாமா படம் தப்பு என்று ஒப்புக்கொண்ட அன்றே கட்சிக்கொடியை வாசலில் புதிதாகக் கட்டினார்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் பிகாரிலிருந்தே இரண்டு கதை இருக்கிறது. 2019 தேர்தல் நேரத்தில் சுமித்ரா பத்ரிநாதன் அங்கே 1,224 பேரை வைத்து, வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். மொத்தத்தில் பெரிய பலனில்லை. பாஜக ஆதரவாளர்களிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பது பயிற்சிக்குப் பிறகு குறைந்தே போனது. பின்னர் அவரும் உடன் ஆய்வாளர்களும் அதே பிகாரில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்குப் பல வாரங்கள் வகுப்பாகவே நடத்தினார்கள். அது பிடித்தது, மாதங்கள் கழித்தும் நின்றது, வீட்டில் பெற்றோர் வரைக்கும் போனது. ஒரு போன் காலில் மாமாவை மாற்றப் பார்ப்பவர்கள் முதல் கதையையும், வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருப்பவர்கள் இரண்டாவதையும் நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: நீங்கள் போட்டதை நீங்களே திருத்துங்கள்

எங்கே போட்டீர்களோ அங்கேயே. சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவது கணக்கில் சேராது. ‘ஜனவரியில் நான் போட்ட திருப்பூர் வீடியோவில் கீழே இருந்த வரி தப்பு, டீக்கடைத் தகராறு அது’ என்று மார்ச் மாதம் எங்கள் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள், அத்தை ஒருத்தி குட் மார்னிங் ரோஜாப்பூ போட்டார்.

மாமா மட்டும் தனியாக வந்து, “பரவாயில்லையே” என்றார். அதற்குப் பிறகு மாசம் ஒன்றிரண்டு படம் எனக்கு அனுப்பி ‘இது நிஜமா பாரு’ என்று கேட்கிறார். எல்லாம் அவர் கட்சியைத் திட்டி வந்தவை. அவர் கட்சியைப் புகழ்ந்து வந்ததில் ஒன்றைக்கூட இதுவரை பார்க்கச் சொன்னதில்லை.